சில்லாறு எத்தனை பேரைத் தாங்கும்

நீலகிரியின் மேல்மடிப்பில் சில்லாறு என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வதுதான். கோடையில் அகலமான இடத்தில்கூட இருபதடி தாண்டாது. கையை வைத்தால் விரல் விறைக்கும். அந்தக் குளிரில்தான் டிரவுட் மீன் வாழும்.

ஆற்றுக்குக் காவல் எஸ்தர். நாற்பத்திரண்டு வயது. பதினான்கு வருடம் மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தவர். தூண்டில் சங்கத்தார் கூப்பிட்டதால் இங்கே வந்தார். காலையில் கேட்டைத் திறப்பார். வருகிறவர்களின் பர்மிட்டைப் பார்த்து, பேரை நோட்டில் எழுதுவார். போகும்போது எத்தனை மீன் என்று கேட்டு, அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குவார். யாராவது கற்றுக்கொடுக்கச் சொன்னால் கற்றுக்கொடுப்பார்.

அப்படிக் கேட்டு வந்தவர் வைரவன். நெடுஞ்சாலைத் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது அவருக்கு ரத்தக்கொதிப்பு, எதற்கெடுத்தாலும் கோபம், ராத்திரித் தூக்கம் கிடையாது. அவர் மனைவி சிகப்பிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

முதல் மாதம் முழுக்க அவருடைய தூண்டில் செடியிலும் சட்டையிலும்தான் மாட்டியது. எஸ்தர் சிரிக்கவில்லை. "மறுபடியும் எறிங்க சார்" என்பார். அவ்வளவுதான்.

இப்போது சங்கத்தில் வைரவனைப் போல எறிய ஆளில்லை. இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியை நாற்பதடி தள்ளி, தண்ணீருக்கே தெரியாமல் இறக்கிவிடுவார். பிடித்த மீனை ஒன்று விடாமல் திருப்பி ஆற்றில் விட்டுவிடுவார். ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

தன்னைவிடப் பத்தொன்பது வயது சிறியவரை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் மார்ச் மாதம் யாரோ சில்லாற்றை வீடியோ எடுத்துப் போட்டார்கள். மூன்றே வாரத்தில் கேட்டுக்கு வெளியே வண்டி நிறுத்த இடமில்லை. கோயம்புத்தூர், ஈரோடு, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். பர்மிட் வாங்கித்தான் வந்தார்கள். எஸ்தர் எல்லாரையும் உள்ளே விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வைரவன் வந்தபோது ஆற்றின் இரு கரையிலும் ஆட்கள். ஒருவர் தூண்டில் இன்னொருவர் தூண்டிலோடு சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் எப்படியோ ஒரு மீனைப் பிடித்து, அங்கேயே ஸ்டவ் பற்றவைத்துப் பொரித்துக்கொண்டிருந்தது. அவர் வழக்கமாக நிற்கிற பாறைமேல் ஒரு வாலிபன் நின்றுகொண்டு தண்ணீரைக் கம்பால் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது மீன் பிடிக்கிறதா, துணி துவைக்கிறதா?"

"என்ன அங்கிள்?"

"இறங்குப்பா அங்கேருந்து."

"நானும் பர்மிட் வாங்கித்தானே வந்திருக்கேன்?"

வைரவனின் கழுத்து நரம்பு புடைத்தது. மேற்கொண்டு பேசினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். தூண்டிலைப் பிரிக்காமலே திரும்பி நடந்தார்.

கேட்டில் எஸ்தர் இருந்தார்.

"போட்டுப் பாக்கலையா சார்?"

"எங்கே போடறது? ஆறா இது? பஸ் ஸ்டாண்டு."

வைரவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வரும் சனிக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு. அதில் வைக்க ஒரு தீர்மானம் எழுதி வைத்திருந்தார். ஒரு நாளைக்கு இருபது பேருக்குமேல் ஆற்றில் இறங்கக் கூடாது.

"படிச்சுப் பாருங்க டீச்சர். நீங்க சொன்னா சங்கத்துல கேப்பாங்க."

எஸ்தர் படித்தார்.

"நீங்க முதல்ல எப்படி சார் இங்கே வந்தீங்க?"

"பேப்பர்ல ஒரு போட்டோ பார்த்தேன்."

"இவங்க போன்ல பார்த்திருக்காங்க."

"அது வேற டீச்சர். நான் கத்துக்கிட்டேன். பொறுமையா இருந்தேன். ஒரு மீனைக்கூட நான் கொன்னதில்லை. இவங்க ஆத்தையே அழிச்சுடுவாங்க." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீங்களே சொல்லுங்க. இந்தச் சில்லாறு எத்தனை பேரைத் தாங்கும்?"

எஸ்தர் தாளை மடித்து அவரிடமே கொடுத்தார்.

"நாளைக்கு எஸ்டேட் ரோட்டுல தார் போடறாங்க. வண்டி எதுவும் விடமாட்டாங்க. உங்களால அஞ்சு கிலோமீட்டர் நடக்க முடியுமா?"

"முடியும்."

"வாங்க. ஆறு உங்களுக்கு மட்டும்தான்."

மறுநாள் அவர் நடந்தே வந்தார். ஏழு மணிக்குப் பனி விலகிக்கொண்டிருந்தது. கேட்டில் எஸ்தர் பேரை எழுதிக்கொண்டு அவர்கூடவே நடந்து வந்தார். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஆற்றில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் கல்லில் ஏறி இறங்குகிற சத்தம் மட்டும்.

மூன்றாவது எறிதலிலேயே முதல் மீன் வந்தது. பழுப்பு முதுகு, பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு. வைரவன் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்பு பிடித்த முதல் மீனைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். பிறகு விட்டார். அது ஒரு வால் வீச்சில் காணாமல் போயிற்று.

"பார்த்தீங்களா டீச்சர்!"

"பார்த்தேன் சார்."

பத்து மணிக்குள் எட்டு மீன். அவர் இடம் மாறி மாறி மேலே ஏறிக்கொண்டே போனார். எஸ்தர் பின்னாலேயே போனார். பதினோரு மணிக்கு எஸ்தர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினார்.

"போதுமா சார்?"

"இன்னும் கொஞ்சம். இந்த மாதிரி நாள் மறுபடி கிடைக்குமா?"

டீ ஆறிப்போயிற்று. அவர் குடிக்கவில்லை.

மதியம் வெயில் ஏறியது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்ததால் தண்ணீர் குறைந்திருந்தது. கரையோரத்தில் அந்தக் குளிர்கூட இல்லை. மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. வைரவனுக்கு அவை எங்கே போகும் என்று தெரியும். அங்கேயும் எறிந்தார். அங்கேயும் வந்தன.

"சாப்பிட்டுட்டுப் போடலாமே சார்."

"இதோ, இந்த ஒண்ணு."

அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று. எஸ்தர் தன் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு மேல் வளைவுக் கசத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆற்றின் ஆழமான இடம் அதுதான். அக்கரை மரம் ஒன்று கிளைகளைத் தண்ணீருக்குச் சற்று மேல்வரை தாழ்த்தி வைத்திருக்கும். கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதற்குள் பூச்சியைச் செலுத்த வேண்டும். சங்கத்தில் வேறு யாருக்கும் அது வராது. வைரவனுக்கு வரும்.

எறிந்தார். கிளைக்கு அடியில் தண்ணீர் ஒருமுறை வீங்கியது. தூண்டில் வளைந்தது.

பெரிய மீன். கால்மணி நேரத்துக்குமேல் இழுத்தது. கைவலையில் வந்து விழுந்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. பெண் மீன். முழங்கையளவு நீளம்.

"டீச்சர், இதைவிடப் பெரிசு இந்த ஆத்துல இருக்காது."

"இருக்காது சார்."

தூண்டில் முள்ளைக் கழற்றினார். தண்ணீரில் இறக்கி விட்டார். மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. வயிறு வெள்ளையாகத் தெரிந்தது.

நிமிர்த்திப் பிடித்தார். இதெல்லாம் எஸ்தர் சொல்லிக்கொடுத்ததுதான். தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி வைத்து, செவுளுக்குள் தண்ணீர் போகிறமாதிரி லேசாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பலம் வந்ததும் தானே போய்விடும்.

போகவில்லை.

எஸ்தர் எழுந்து வந்து தண்ணீரில் இறங்கினார். பாவாடை நனைந்தது. அவரும் குனிந்து, மீனின் வாலுக்கு அடியில் கை கொடுத்தார். இருவரும் அப்படியே நின்றார்கள். செவுள் ஒருமுறை திறந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு முறை திறந்தது. வைரவனுக்கு விரல்கள் மரத்துவிட்டன. அவர் கையை எடுக்கவில்லை.

"போயிடும் இல்ல டீச்சர்?"

எஸ்தர் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். செவுள் அதற்குப்பின் திறக்கவே இல்லை.

எஸ்தர் மீனைக் கரைக்கு எடுத்து வந்து புல்லில் கிடத்தினார். அதன் வாயைக் கட்டைவிரலால் திறந்து காட்டினார். மேல்தாடையில் இன்றைய முள் பட்ட இடம் சிவப்பாக இருந்தது. அதன் பக்கத்தில் ஆறிப்போன ஒரு துளை. அதற்கும் பக்கத்தில், தழும்பு கட்டி வெளுத்துப்போன இன்னொன்று. தாடையின் ஓரம் ஒருபக்கமாகக் கோணியிருந்தது.

"இது யாரோ..." என்று ஆரம்பித்தார் வைரவன்.

"இந்தக் கசத்துல வேற யாருக்கு சார் எறியத் தெரியும்?"

வைரவன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மீனை எஸ்தரே தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். கேட்டை அடைந்தபோது மணி ஐந்து. எஸ்தர் நோட்டை எடுத்தார். எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார்.

"எத்தனை சார்?"

"இருபத்தாறு."

எழுதிவிட்டு, கையெழுத்துக்காக நோட்டை அவர் பக்கம் திருப்பினார். வைரவன் பேனாவை வாங்கினார். தன் பேருக்கு மேல்வரியில் நேற்றைய ஞாயிற்றுக்கிழமையின் மொத்தக் கணக்கு இருந்தது. ஆட்கள் நாற்பத்திமூன்று. மீன் பதினொன்று.

அவர் கையெழுத்துப் போட நேரமாயிற்று.

எஸ்தர் மீனை ஈரச் சாக்கில் சுற்றி நீட்டினார்.

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"வீணாக்க வேண்டாம் சார்."

வீட்டில் சிகப்பி சாக்கைப் பிரித்துப் பார்த்து அதிசயப்பட்டார். "என்னங்க, நீங்க மீனே கொண்டாரமாட்டீங்களே!" பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தார். வைரவன் தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பொதுக்குழு கூடியது. பதினேழு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். எஸ்தர் சம்பளத்துக்கு இருப்பவர், அவருக்கு ஓட்டு இல்லை. கதவருகே நின்றிருந்தார்.

ஒரு நாளைக்கு இருபது பேர் என்ற தீர்மானத்தை வைரவனே வாசித்தார். கைதட்டல் எழுந்தது. பதினேழு கைகளும் உயர்ந்தன. தலைவர் டாக்டர் ஜெயசிங், "ஆறு பிழைச்சது. வைரவன் சாருக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் வைரவன்.

சட்டைப் பையிலிருந்து வேறொரு சின்னத் தாளை எடுத்தார்.

"ஒருத்தர் ஒரு நாளைக்கு நாலு மீனுக்குமேல் பிடிக்கக் கூடாது. நாலாவது மீன் வந்ததும் தூண்டிலை மடிச்சுடணும்."

"நாலுக்குமேல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்றீங்க. நியாயம்தான்" என்றார் தலைவர்.

"இல்லை. பிடிக்கவே கூடாது. திருப்பி விட்டாலும் அது கணக்குதான்."

கூட்டத்தில் சலசலப்பு.

"நாமதான் விட்டுடுறோமே வைரவன், அப்புறம் என்ன?"

"நாலு மீனுக்கா நான் குன்னூர்ல இருந்து வர்றேன்?"

"இது புதுசா வர்றவங்களுக்குப் போடவேண்டிய சட்டம். நமக்கு எதுக்கு?"

வைரவன் எழுந்து நின்றார். வளைவுக் கசத்தில் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "நான் திங்கட்கிழமை..." என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டுக்கு விட்டார்கள். ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது அவருடைய கை.

கூட்டம் கலைந்தபின் எஸ்தரும் அவரும் ரோடு வரைக்கும் நடந்தார்கள். தேயிலைச் சரிவில் வெயில் சாய்ந்திருந்தது.

"நாலுன்னு எப்படி சார் முடிவு பண்ணினீங்க?"

"அன்னிக்கு நடந்ததை யோசிச்சுப் பார்த்தேன் டீச்சர். முதல் நாலு மீன் ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. எங்கே மாட்டுச்சு, எப்படிப் போச்சு, எல்லாம். அதுக்கப்புறம் பிடிச்சது ஒண்ணுமே ஞாபகம் இல்லை. கடைசி ஒண்ணைத் தவிர."

ரோட்டின் வளைவு வரை வந்தார்கள்.

"தோத்துப்போச்சே" என்றார் வைரவன். "நான் ஒருத்தன் மட்டும் நாலோட நிறுத்தி என்ன டீச்சர் ஆகப்போகுது?"

"திங்கட்கிழமை இருபத்தாறு பிடிச்சதும் நீங்க ஒருத்தர்தானே சார்."

அவர் நின்றுவிட்டார். எஸ்தர் நிற்காமல் நடந்தார்.

புதுச் சட்டம் அடுத்த நாளே அமலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குள் இருபது பேர்களும் எழுதி முடிந்தன. வைரவன் ஐந்தாவது ஆள். பிறகு வந்தவர்களை எஸ்தர் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். சிலர் சத்தம் போட்டார்கள். சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊட்டிக்குப் போனார்கள்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும். திருப்பூரில் தையல் கம்பெனி ஒன்றில் வேலை. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வந்திருந்தாள். கையில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுத் தூண்டில்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, சீக்கிரமா" என்றார் எஸ்தர்.

"அடுத்த வாரம் லீவு இல்லைக்கா. சும்மா இங்கேயே உக்காந்திருக்கேன். இங்கேருந்து ஆறு தெரியுது."

கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பதரை மணிக்கு வைரவன் ஆற்றிலிருந்து ஏறி வந்தார். தூண்டிலை உறையில் போட்டுக் கட்டியிருந்தார். இந்நேரத்துக்கு அவர் ஒருநாளும் திரும்பியதில்லை. நோட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எத்தனை சார்?"

"நாலு."

எஸ்தர் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டார். எஸ்தர் அவர் பேரின்மேல் ஒரு கோடு இழுத்து அந்த இடத்தைக் காலியாக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே பார்த்துக் கூப்பிட்டார்.

"உள்ளே வாங்கம்மா. உங்க பேரைச் சொல்லுங்க."

அந்தப் பெண் நம்பாமல் எழுந்தாள். பிறகு கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். பேரைச் சொன்னாள், பர்மிட்டைக் காட்டினாள். கரைப் பக்கம் இறங்கும்போது தூண்டில் முனை ஒரு சீகை மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டாள். நாலடி போனதும் மறுபடியும் மாட்டியது. அவளே சிரித்துக்கொண்டாள்.

வைரவன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் ஒருத்தன் ஏறினேன், இன்னொருத்தர் இறங்கியாச்சு. ஆத்துல இப்பவும் அதே இருபது பேர்தான். இதுல ஆத்துக்கு என்ன கிடைச்சுது?"

எஸ்தர் நோட்டை மூடினார்.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு ஒரு மீன்கூடப் பிடிக்கமாட்டாங்க சார். ஆத்துக்கு அது போதும். நீங்க சாயங்காலம் வரைக்கும் இருந்து, திரும்பிப் போறப்போ அவங்க முகத்துல இருக்கிற சந்தோஷத்தைப் பாருங்க."